லெக் பக்கம் அடிக்காத கழகம்

அன்பு மச்சான் குணம்,

நீ போய் இரண்டு வருசமாகிறது. சிறுநீரக வருத்தம் உன்னைக் கொண்டுபோன நாளில் இருந்து, உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அது வராது. போன ஞாயிறு எங்கள் கிரிக்கெட் கழகம் முடிந்துவிட்டது.

சண்டை முடிந்து, முகாமில் இருந்து ஊருக்கு, வட்டக்கச்சிக்குத் திரும்பிய காலம் நினைவிருக்கிறதா? பழைய கழகத்தில் மிஞ்சியது நீயும் நானும்தான். மைதானத்தில் பற்றை வெட்டினோம். கிழக்குப் பக்கம் மட்டும் மண்டையோட்டுப் பலகைகள். அங்கே மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. அதற்காக விளையாடாமல் இருக்க உன்னால் முடியுமா? நீதான் சட்டம் போட்டாய். பந்து எப்போதும் தெற்கு முனையில் இருந்துதான் வரும். அப்போது கிழக்கு, மட்டைக்காரனின் முதுகுப் பக்கம், எப்போதும் லெக் பக்கமாகவே இருக்கும். அந்தப் பக்கம் அடித்தவன் அவுட். பந்தை எடுக்கப் போனவனுக்கு உன் கையால் அடி. இடக்கைக்காரன் ஒருவன் ஆசையோடு சேர வந்தபோது அவனை ஸ்கோர் எழுத இருத்திவிட்டாய், பாவம்.

பிறகு மிதிவெடி எடுத்து முடித்தார்கள். இப்போது அங்கே உளுந்து விளைகிறது. ஆனால் எங்கள் கைகளுக்கு அது தெரியவில்லை. வெளி மைதானங்களிலும் முன்னால் இருக்கும் ஓஃப் பக்கமே தட்டினோம். மற்றக் கழகத்தார் அதைக் கண்டுபிடித்துக் காலைப் பார்த்தே போட்டார்கள். நாங்கள் காதடியில் பறக்கும் நுளம்பை அடிப்பதுபோல் மட்டையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவோம். நீ வயிறு நோகச் சிரிப்பாய். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இந்த முறை கடைசியாக வரும் கழகத்தை மாவட்டப் போட்டிகளில் இருந்து எடுத்துவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பாதிப் பெடியள் வெளிநாட்டில். மிச்சப் பேரை வயலிலும் கடையிலும் போய்க் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அக்கராயன் கழகத்தோடு கடைசி ஆட்டம், வென்றால் தப்பிவிடுவோம். கடைசிப் பந்தில் நான்கு ஓட்டம் வேண்டும். மட்டையோடு நின்றது எங்களைப் பார்த்தே ஆடப் பழகிய உன் மகன் நிரோசன். பந்து முழங்காலுக்கு நேரே, லெக் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை. சும்மா திருப்பிவிட்டாலே போதும். அவன் உடம்பை வளைத்து நெளித்து அதை ஓஃப் பக்கம் தட்டினான். ஒரு ஓட்டம்தான் கிடைத்தது.

மரத்தடியில் வந்திருந்து அழுதான்.

"அந்தப் பலகையள் எனக்கு ஞாபகமே இல்லை மாமா. ஆனா கை அங்கால போகுதில்லை."

"அது கொப்பர் போட்ட சட்டம் தம்பி. அதாலதான் எங்கட பெடியள் எல்லாருக்கும் கால் இருக்கு" என்றேன்.

"ஓம் மாமா, கால் இருக்கு. கழகம் இல்லை."

அதற்கு நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்?

வேறொரு வருசம் திரும்பச் சேரலாம்தானே என்று உன் தங்கச்சி வசந்தி ஆறுதலுக்குக் கேட்டா. சேர்வதற்கு ஆள் வேண்டுமே. நிரோசனும் அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். மட்டைகளையும் விக்கெட்டுகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்க மனம் கேட்கவில்லை.

குணத்தின் மகனால்தான் கழகம் போனது என்று சந்தியில் கதைக்கிறார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கதையை என் முன்னால் ஒருத்தரும் கதைக்க விடமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. அந்தப் பந்து எனக்கு வந்திருந்தாலும் அப்படித்தான் தட்டியிருப்பேன். நீயும்தான் மச்சான்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மச்சான் ராசன்