செல்வியின் அமினோ பொடி

ஆடி 6, செவ்வாய்

காற்று. ஒரே புழுதி. வடகம் போட முடியவில்லை.

பேத்தி செல்வி காலையில் நொண்டிக்கொண்டு வந்தாள். தொடை இறுகிப்போச்சாம். போலீஸ் செலக்‌ஷனுக்கு இன்னும் ஐந்து வாரம். எழுத்துப் பரீட்சை பாஸ். பாக்கி ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். அப்பா அம்மா திருப்பூரில். அவள் சாப்பாடும் தூக்கமும் என் பொறுப்பு.

பையிலிருந்து ஒரு பழைய காபித்தூள் டப்பாவை எடுத்து வைத்தாள். உள்ளே வெள்ளைப் பொடி. மேலே ஒரு எழுத்து இல்லை.

"இன்னாடி இது?"

"அமினோ, ஆயா. ஓடி முடிச்சிட்டு தண்ணில கலக்கிக் குடிச்சா சதை சீக்கிரம் தேறுமாம். மாஸ்டர் குடுத்தாரு."

மாஸ்டர் என்றால் குமரேசன். கள்ளக்குறிச்சியில் ஜிம் வைத்திருக்கிறான். ராஜாம்பாள் மகன். எந்த ராஜாம்பாள் என்றும் எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடச் சத்துணவில் நான் சமையல், அவள் அமைப்பாளர். பருப்பு குறைகிறது என்று வாத்தியார்கள் எதிரில் என் முந்தானையை உதறச் சொன்னவள். உதறினேன். ஒரு பருப்பு விழவில்லை. அன்று அவள் கட்டியிருந்தது மயில்கழுத்துக் கலர் சேலை. ஜாக்கெட்டில் ஒரு கொக்கி அறுந்திருந்தது.

அவள் மகன் ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடுப்பானா?

ஆடி 7, புதன்

செல்வி கிளம்பினதும் சோதனை போட்டேன். சொம்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன். பாதி மேலேயே மிதந்தது. கலக்கினாலும் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கில் வைத்தேன். கசப்பு, வேப்பங்கொட்டையைக் கடித்தது மாதிரி.

மிதந்தால் புழு அரித்தது. கசந்தால் கெட்டது. பத்தொன்பது வருஷம் பயறும் பருப்பும் இப்படிப் பார்த்துத்தான் உலையில் போட்டேன். ஒரு பிள்ளைக்கும் வயிற்று வலி வந்ததில்லை.

முருங்கை மரத்தடியில் கொட்டினேன். டப்பாவைக் கழுவித் துடைத்து, வறுத்த பச்சரிசி மாவு, பால் பவுடர், பொடித்த சர்க்கரை. பார்த்தால் அதே வெள்ளை. வயிற்றுக்கும் நல்லது.

செல்வியிடம் சொல்லவில்லை. யாரும் பார்க்காத நோட்டு, உள்ளதை எழுதுகிறேன். அவள் உடம்புக்காக மட்டும் இல்லை. அவன் ஏமாற்றுக்காரன் என்று அவள் வாயால் கேட்க வேண்டும்.

வாங்க: கல் உப்பு, தீப்பெட்டி, விளக்குமாறு வேண்டாம், பழையதே போதும்.

ஆடி 8, வியாழன்

பதினொரு மணிக்கு வருகிறவள் ஒன்பதுக்கே வந்துவிட்டாள். சைக்கிளை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே சாய்த்தாள்.

"இனிக்குது ஆயா! அன்னிக்கி ஜிம்ல கலக்கிக் குடுத்தது கசந்துச்சு. வூட்டுக்குக் குடுத்தத இன்னிக்கி பாட்டில்ல கலக்கி எடுத்துட்டுப் போனேன், பாயசம் மாரி இருக்குது. எல்லாரு எதிர்லயும் கேட்டேன், 'இன்னாத்த மாத்திக் குடுத்தீங்க மாஸ்டர்'னு."

"அவன் இன்னா சொன்னான்?"

"நம்பாத இடத்துக்கு இன்னாத்துக்கு வர்ற, நாளைலேர்ந்து வராதன்னுட்டாரு."

முதலில் சந்தோஷம்தான். ராஜாம்பாள் மகன் பத்துப் பேர் எதிரில் திருடன் ஆனான். புளி கரைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அந்த 'வராத' உறைத்தது. செலக்‌ஷனுக்குப் பெண்பிள்ளைகளை ஓடவிட்டுப் பழக்குகிறவன் இந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தன்தான்.

ஆடி 11, ஞாயிறு

தூறல். இரண்டு நாள் எழுதவில்லை.

மற்றப் பெண்களை அவன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலை ரோட்டுக்குப் போய்விட்டான். ஏற்றத்தில் ஓடினால் மூச்சு பிடிக்குமாம். செல்வி தனியாக வரப்பைச் சுற்றி ஓடினாள். விசில் அடிக்க ஆள் இல்லை, நேரம் பார்க்க ஆள் இல்லை.

எதிர்வீட்டு மங்கை குரல் கொடுக்கிறாள்: "இன்னாடி செல்வி, ஜீப்பு உன்ன வுட்டுட்டுப் பூட்ச்சா?" அவள் மருமகள் ஓடிப்போனபோது நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

முட்டை இரண்டு வைத்தேன். செல்வி தொடவில்லை. வாசல்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "துணி ஊற வெச்சிட்டியா?" என்றுதான் வந்தது.

ஆடி 12, திங்கள்

சங்கராபுரம் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி. மெடிக்கல் வைத்திருக்கும் பாயிடம் போனேன். நல்ல அமினோ வாங்கி வைத்துவிட்டால் கொட்டினது சரியாகிவிடும் என்று கணக்கு.

பாய் இரண்டு டப்பா எடுத்து வைத்தார். எதையும் தொடாமல் முதலில் சீல் பார்த்தேன், தேதி படிக்கச் சொன்னேன், உணவுத் துறை நம்பர் எங்கே என்று கேட்டேன்.

"ஆயா, நீங்க இன்ஸ்பெக்டரா?" என்று சிரித்தார்.

அவர் சொன்னது, மறக்காமல்:

- முட்டை, பால், பயறு தின்றால் வயிற்றில் உடைந்து அமினோவாகத்தான் ஆகிறதாம். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதது ஒன்பது.
- ஒரு டப்பாவில் மூன்றுதான். அதுதான் ஜாஸ்தி விற்கிறது. இன்னொன்றில் ஒன்பதும்.
- வாங்கினால் ஒன்பதும் இருக்கிறதை வாங்கு. ஆனால் சாப்பாட்டுக்குப் பதில் இல்லை. சாப்பாடு கம்மி பண்ணினால் எந்த டப்பாவும் உதவாது.
- "ஒரே வாரத்தில் சதை" என்று போட்டிருந்தால் கையால் தொடாதே.

"இனிப்பா இருக்குதா, கசப்பா?"

"சுத்தமான சரக்கு கசக்கும் ஆயா. தண்ணில லேசுல கரையாது, மேல மெதக்கும். இனிக்குதுன்னா வாசனையும் இனிப்பும் சேத்திருப்பாங்க."

நம்பவில்லை. குமரேசன் இவரிடம் சரக்கு எடுக்கிறானோ? கேட்டேவிட்டேன். குமரேசனா, எந்தக் குமரேசன் என்கிறார். பக்கத்தில் மாத்திரை வாங்கிய நர்ஸம்மாவிடமும் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் கூட்டு என்று சொல்ல வழியில்லை. அப்போ நான் கொட்டினது நல்ல சரக்கு.

டப்பா வாங்காமல் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

ஆடி 13, செவ்வாய்

ஜிம்முக்குப் போனேன். பெண்கள் நேரம். எட்டுப் பேர் இருந்தார்கள். குமரேசன் ஓடி வந்தான்.

"வாங்க பெரீம்மா, உக்காருங்க."

நின்றபடியே சொன்னேன். "பொடிய மாத்துனது நான். உன் பொடி முருங்கைமரத்தடியில கெடக்குது. செல்விக்கு ஒண்ணும் தெரியாது."

இரும்புச் சத்தம் எல்லாம் நின்றுபோச்சு. ஒருத்தி சிரித்தாள். அவளை எனக்குத் தெரியும், மணலூர்ப்பேட்டை ரோட்டு டீக்கடைக்காரன் மகள்.

அவன் உள்ளே போய்ப் பெரிய டப்பாவை எடுத்து வந்தான். நம்பர், தேதி, எல்லாம் இருந்தது. ஒன்பது வகை. விரலால் எண்ணினேன்.

"முழு டப்பா இதுங்களால வாங்க முடியாது. அதான் பிரிச்சிக் குடுத்தேன்."

"பேர் இல்லாத டப்பாவுல குடுத்தா எவ நம்புவா? அது உன் தப்பு."

"தப்புதான் பெரீம்மா," என்றான்.

அவன் அம்மா வாயிலிருந்து இந்த வார்த்தையை முப்பது வருஷமாகக் கேட்டதில்லை.

"செல்விய வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம ஜீப்பு காலைல அஞ்சு மணிக்கி. பொடி மட்டும் இனிமே நான் குடுக்க மாட்டேன். நீங்களே பாத்து வாங்கிக்குங்க."

பாயிடம் போய் ஒன்பதும் இருக்கிற டப்பாவை வாங்கினேன். வீடு வருவதற்குள் செல்விக்குப் போன் வந்துவிட்டது. சிரித்தவள்தான் சொல்லியிருப்பாள்.

செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆடி 14, புதன்

வெயில். வடகம் போட்டாச்சு.

செல்வி ஜிம்முக்குப் போய்விட்டு வந்தாள். நான் தண்ணீரும் ஸ்பூனும் எடுத்து வைத்தேன். சீல் உடையாமல் இருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தானே உடைத்தாள், தானே கலக்கினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். முட்டை இரண்டும் தின்றாள்.

அப்புறம் டப்பாவைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.