என் முறைக்கு வந்த வசனம்

இன்று வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்தில் இஸ்திரி வண்டிக்காரர் இடுக்கியால் ஒரு தணலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாக இறுக மூடிக்கொண்டது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உனக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு பைபிள் வசனமாக வட்டமாய் வாசிப்போமே, திக்குவாய்க்காரியான எனக்கு அது வாராவாரம் தண்டனை. என் பங்குக்கு எது வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வியர்த்துப்போவேன். நீ எப்போதும் எனக்கு முந்தின இடத்தில் உட்காருவாய். எனக்கு வரவிருப்பது கடினமாக இருந்தால், கவனம் பிசகியவள் மாதிரி அதையும் சேர்த்து வாசித்துவிடுவாய். உனக்கு நன்றி சொல்லக்கூட எனக்குக் கூசும்.

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வாசிக்க வந்தது, சிறகுள்ள தூதன் பலிபீடத்து நெருப்பைக் குறட்டால் எடுத்துத் தீர்க்கதரிசியின் உதட்டில் வைக்கும் தரிசனம். அந்த வசனத்தையும் எனக்காக வாசித்துவிட்டு, நீயாகவே பேச ஆரம்பித்தாய். "சிறகு, புகை எல்லாம் அவருக்குள்ளயே நடந்ததுங்க ஐயா. வாயத் திறக்க வெட்கப்பட்ட மனுஷன். அந்த வெட்கந்தான் நெருப்பா வந்து சுட்டுச்சு."

தரிசனத்தை வெறும் கற்பனை ஆக்காதே என்று போதகர் கடிந்துகொண்டார்.

"கற்பனைன்னா பொய்யாங்க ஐயா? கடவுள் நமக்குள்ள வர்றதுக்கு வேற எது வாசல்?"

அறையே உன்னை முறைத்தது. நீ சொல்வது சரி என்று சொல்ல நான் எழுந்தேன். "க... க..." என்பதற்கு மேல் வரவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவமானம் உனக்கு வந்ததா எனக்கு வந்ததா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "உனக்கும் அந்தத் தணல்தான்டி. திக்கறது உன்னச் சுடல. வெட்கந்தான் சுடுது."

போன மாதம் உன் வீட்டில் உனக்கான நினைவு ஜெபம். வயதாகிவிட்ட அதே போதகர், தெரிந்துதானோ என்னவோ, அதே அதிகாரத்தை எடுத்தார். நான் வழக்கம்போல எண்ணினேன். எனக்குச் சின்ன வசனம்தான் என்று நிம்மதியாக இருந்தேன். முறை வந்தபோதுதான் தெரிந்தது, இல்லாத உன்னையும் எனக்கு முன்னால் சேர்த்து எண்ணியிருக்கிறேன். நெருப்பு வசனம் எனக்கு வந்திருந்தது.

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். முகம் எரிய எரிய, வார்த்தை வார்த்தையாக இழுத்து வாசித்து முடித்தேன். பிறகு, யாரும் கேட்காமலே, "க... கற்பனைன்னா பொய்யான்னு அவ கேட்டாளுங்க ஐயா" என்றேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெட்கம் போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லைடி. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன், எண்ணுகிறேன். உன்னை விட்டுவிட்டு எண்ண மட்டும் வரவில்லை. அதனால் கணக்கு ஒன்று தள்ளிப்போய், எனக்கு வரும் வசனம் ஒருபோதும் நான் எண்ணிப் பயந்ததாக இருப்பதில்லை. வந்ததை வாசிக்கிறேன்.