குறுக்கே வராத நாய்

மார்ச் 3, திங்கள்

காலையில் நான்கு பேர், மாலையில் மூன்று பேர். ஒருவரும் எதிலும் மோதவில்லை. நர்ஸம்மாதான் கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னால் மூச்சை விட மறந்துவிடுகிறார். முப்பது வருடம் அடுத்தவர் கையில் ஊசி குத்தியவர், ஒரு சின்னக் காரைக் கண்டு இப்படி நடுங்குகிறார். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வசனம் அது.

ஊருக்குத்தான் உபதேசம். மூன்று வருடத்துக்கு முன்னால் பாலத்தின் நடுவில் எனக்கு மார்பை அடைத்து, கை மரத்து, இதோ செத்தேன் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு டாக்டர், "இதயத்துல ஒண்ணுமில்ல. இது பயம்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கவில்லை. மருந்துக்கடையில் இருப்பது என் மனைவி, சீட்டை அவள் கையில்தான் நீட்ட வேண்டும். பயம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் செய்கிறேன்.

அன்றிலிருந்து பாலத்துப் பக்கம் போவதில்லை. யார் கேட்டாலும், "பாலத்துல வேலை நடக்குது." மூன்று வருடமாக நடக்கிறது அந்த வேலை.

மார்ச் 9, ஞாயிறு

மகளுக்கு இன்று மூன்றாவது வகுப்பு. பள்ளியில் கடைசி வருடம். லைசென்ஸ் எடுக்கும் வயது வந்த மறுநாளே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். காருக்குள் நான் சார், அவள் மேடம். அவள் போட்ட சட்டம். "வீட்டுக் கோபத்த இங்க காட்டக் கூடாது சார்" என்றாள். "வீட்டு வாயை நீங்களும் இங்க காட்டக் கூடாது மேடம்" என்றேன். சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

வீட்டில் அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது, இரண்டு வருடமாக. தட்டினால் "படிக்கிறேன்", சாப்பிடக் கூப்பிட்டால் "வரேன்". இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அப்பன் எத்தனை காலம் தள்ளுவான்? ஆறு வயதில் என் தோளில் உட்கார்ந்து காது வலிக்க வலிக்கப் பேசியவள் இவள்.

காரில் மட்டும் பேசுகிறாள். முகம் பார்க்க வேண்டாம், சாலையைப் பார்த்தால் போதும் என்பதாலோ என்னவோ, இந்தக் காரில் எல்லோருமே பேசுவார்கள். ஒரு வங்கிக்காரர் கியர் மாற்றிக்கொண்டே விவாகரத்தைச் சொல்லி அழுதிருக்கிறார். ஊரார் ரகசியம் அத்தனையும் என் காதில் கிடக்கிறது. என் வீட்டு ரகசியம்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

என்ன செஞ்சு தொலச்சேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். குடோன்களுக்குப் பின்னால் போகிற நீளமான சாலை. மூன்றாவது கியர். நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள்.

"சார்" என்றேன் விளையாட்டாக.

"இல்ல. அப்பா." கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "எனக்குப் பசங்க மேல அந்த மாதிரி நெனப்பு வரலப்பா. வராதுன்னும் தெரிஞ்சு போச்சு. ஒரு பொண்ணு மேலதான் எனக்கு—"

கார் நின்றுவிட்டது. இஞ்சினும் அணைந்துவிட்டது. முன்னால் சாய்ந்தவளைப் பெல்ட் வெட்டி இழுத்தது.

என் கால். கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்கென்று என் பக்கத்தில் வைத்திருக்கும் தனிப் பிரேக்கின் மேல் என் கால்.

"ஏன்பா நிறுத்துனீங்க?"

"நாய்" என்றேன். "குறுக்க நாய் வந்துச்சு."

அவள் முன்னால் பார்த்தாள், கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பக்கமும் குடோன் சுவர். ஈ காக்கை இல்லை.

"எங்கப்பா நாய்?"

"ஓடிருச்சு."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். சுவரைத் தாண்டியா ஓடும் ஒரு நாய்? அவள் நியூட்ரலுக்கு வந்து, சாவியைத் திருகி, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, சொல்லிக்கொடுத்தது ஒன்றையும் விடாமல் வீடு வரை ஓட்டினாள். இறங்கும்போது "தேங்க்ஸ் சார்" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

மார்ச் 19, புதன்

"பொண்ணு முகமே சரியில்ல. கார்ல கத்துனீங்களா?" என்று மனைவி கேட்டாள். "நாய் குறுக்க வந்துச்சு, பயந்துட்டா" என்றேன். ஒரு நாயை வைத்து இரண்டு பேரை ஏமாற்றிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் நான்தான்.

சொல்லிவிட்டால் என்ன என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அது பிள்ளையின் சொல். என் கையில் கொடுத்தாள், நான் வாங்கத் தெரியாமல் கீழே போட்டேன். அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கென்ன உரிமை?

நானும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கோபமா? இல்லை. வெட்கமா? பொய் எழுத மாட்டேன், அன்றைக்கு ஓர் அரை நிமிடம், தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று என் மைத்துனர் முகம் மனதில் வந்து போனது. அப்புறம் போய்விட்டது. மிச்சமிருப்பது பயம். இந்த ஊர் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதே வாய்தான். போன வருடம் சாப்பிடும்போது டிவியில் இரண்டு பெண்களைக் கேலி செய்து ஏதோ ஜோக் வந்தது. நான் சிரித்தேன். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பசியில்லை போல என்று நினைத்தேன் அப்போது.

மார்ச் 23, ஞாயிறு

மகள் வகுப்புக்கு வரவில்லை. எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். மீசைக்காரருடைய பள்ளி! மாலையில் டீக்கடையில் மீசைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாஸ்டர், சொந்தப் பொண்ணே எங்க பக்கம் வந்துருச்சு?" என்றார். "அவகிட்ட நீங்களும் கொஞ்சம் கத்துக்கணும்னுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவருடைய கார் எதிரே வந்தது. மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் சரியான இடத்தில். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது, சாலையைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் பார்த்திருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

நர்ஸம்மா பாதி வகுப்பில் காரை ஓரங்கட்டிவிட்டார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் பயப்படறதுக்கு முன்னாடி நீங்க பயந்துடறீங்க. நீங்க லேசா அமுக்கினாலும் என் கால் கீழ இருக்கற பிரேக்கும் இறங்குது சார். வாய் பயப்படாதீங்கன்னு சொல்லுது, கால் வேற சொல்லுது. நான் எத நம்புறது?"

இரண்டு பெடலும் ஒரே கம்பியில் கட்டியவை. பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கா தெரியாது? தெரிந்த விஷயம் இன்றைக்குத்தான் உறைத்தது. அன்றைக்கு நான் அமுக்கியபோது மகளின் கால் கீழே இருந்த பிரேக்கும் இறங்கியிருக்கும். நாய் என்று நான் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று பேசிவிடலாம் என்று கதவு வரை போனேன். தட்டக் கையை உயர்த்தினேன். "சாப்பிட வாம்மா" என்றேன். "வரேன்."

ஏப்ரல் 13, ஞாயிறு

மனைவி கடைக்குப் போயிருந்தாள். தட்டினேன்.

"படிக்கிறேன்."

"நாய் எதுவும் வரலம்மா" என்றேன் கதவிடம்.

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம். அப்புறம், "தெரியும்."

போகத் தோன்றவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு சம்மணம் போடுவது லேசா? முகம் தெரியாததால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். பயந்துட்டேன் என்றேன். உன்ன நெனச்சு இல்ல, உன்ன யாரு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தேன், நானே சொன்னவன்தானே என்றேன். அன்னைக்கு டிவி பாத்து சிரிச்சது தப்பு என்றேன். அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க சிரிச்சீங்க" என்றாள் உள்ளேயிருந்து. ஒரு சிரிப்புக்கு ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறாள் பிள்ளை.

அப்புறம் பாலத்தையும் சொல்லிவிட்டேன். ஒருவரிடமும் சொல்லாதது. மார்பு அடைத்தது, டாக்டர், வாங்காத மாத்திரை, நடக்காத வேலை, எல்லாம்.

கதவு கொஞ்சம் திறந்தது. அவளும் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். கால் விரல் மட்டும் தெரிந்தது.

"அப்பா, என் ஸ்கூல் பஸ் தினமும் அந்தப் பாலத்து மேலதான் போகுது."

அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு வருஷமா ஒரு செங்கல்கூட அங்க நகரல. ஏதோ இருக்குன்னு தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் இந்தப் பக்கம் காத்திருந்ததுபோல் அவள் அந்தப் பக்கம் காத்திருந்திருக்கிறாள். நடுவில் ஒரு கதவு. அதில் தாழ்ப்பாள்கூட இல்லை, போன வருடமே கழன்று விழுந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாய்க் கதைதான் சொன்னேன். உன் விஷயம், நீதான் சொல்லணும்."

பிறகு, "கத்துக்க வர்றவங்களுக்கெல்லாம் நாப்பது தடவ சொல்றீங்கல்ல, பயப்படாதீங்க, நான் இருக்கேன்னு. எனக்கு ஒரு தடவ சொல்லுவீங்கன்னுதான் கார்ல சொன்னேன்" என்றாள்.

பயப்படாதே என்று எப்படிச் சொல்வேன், எனக்கே பயமாக இருக்கும்போது? "எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா இருக்கேன்" என்றேன். அழுதுவிட்டேன். அவளும்தான்.

மறுபடி என்னோடு காரில் வருவாயா என்று கேட்டேன். "தெரியலப்பா. இப்பக் கேக்காதீங்க." கேட்டிருக்கக் கூடாது. ஆசை யாரை விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வகுப்பு நேரத்துக்கு வழக்கம்போல் காரைத் துடைத்து வைத்தேன். மீசைக்காரர் வந்து ஹாரன் அடித்தார். போய்விட்டாள். போகும்போது கை காட்டினாள், அது புதிது.

மே 4, ஞாயிறு

அம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாள், வெள்ளிக்கிழமை. நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள், இருந்தேன். மனைவி எழுந்து போய் ஏற்கெனவே துலக்கி வைத்த பாத்திரங்களை மறுபடி துலக்கினாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

இன்று காலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். அதுவும் பேச்சில்லாமல்தான். பின்னிக்கொண்டிருக்கும்போதே உடைந்தாள். "கடைக்கு வர்றவங்க மனசுல இருக்கறதையெல்லாம் என்கிட்ட கொட்டிட்டுப் போறாங்க. எம் பொண்ணு அப்பாகிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கா." அழுகை அதற்குத்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இருக்கும். இன்னும் நாள் ஆகும் அவளுக்கு. ஆனால் பின்னலைப் பாதியில் விடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள், நாய்க் கதை பொய் என்பதும் வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேற ஏதாவது நாய் இருக்கா?"

பீரோவிலிருந்து அந்த மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தாள். "இதுக்கு மருந்து குடுத்தா என் வேல போயிரும். நாளைக்கு டாக்டரப் போய்ப் பாருங்க, நானும் வரேன்."

மே 21, புதன்

மகள் டெஸ்டில் பாஸ். மீசைக்காரர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். தின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

"அப்பா, ஒரு ரவுண்டு போலாமா?" என்று அவளாகவே கேட்டாள். என் பயிற்சிக் காரில் இல்லை, வீட்டுக் காரில். அதில் பக்கத்து இருக்கையில் பிரேக் கிடையாது.

தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. என் கால் தரையை அமுக்கியது.

"அங்க ஒண்ணும் இல்ல சார்."

"தெரியும் மேடம். பழக்கதோஷம்."

பாலத்துக்குப் பிரியும் இடம் வந்தது. பாலத்தில் போனால் எட்டு நிமிடத்தில் வீடு. நான் வாயைத் திறக்கவில்லை. புது மாத்திரை, ஆறு வாரம் ஆகிறது, முயன்று பார்க்கலாம் என்று இருக்கைப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுற்றுச் சாலைக்கு இண்டிகேட்டரைப் போட்டாள்.

"ஏம்மா, பாலத்துலயே போயிருக்கலாமே?"

"அங்கதான் வேலை நடக்குதே. இப்படிப் போனா அர மணி நேரம் ஆகும்ப்பா. பேசலாம்ல?"

பேசினாள். கல்லூரியைப் பற்றி, அம்மா நேற்று அவளிடம் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி, மீசைக்காரர் வகுப்பில் தூங்கியதைப் பற்றி. பிறகு, "அவ பேரு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

சொன்னாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. நல்ல பெயர். இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

வீடு வந்து, இஞ்சினை அணைத்த பிறகும் நாங்கள் இறங்கவில்லை. மனைவி வாசலுக்கு வந்து, "ரெண்டு பேருக்கும் இறங்கற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து அவளும் ஏறி உட்கார்ந்தாள்.