நிறுத்திவைத்த கடிதங்கள்

28.10.1998
இன்றும் வெங்காயச் சண்டைதான். கிலோ நாற்பது ரூபாய்க்கு டெல்லி ஆட்சி காரணமா, பதுக்கல்காரனா என்று நம்மூர்க்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் பதினெட்டுக் கடிதங்கள். பாதி என் வீட்டுக்காரர் பேச்சிராஜுடையவை. மீதி சார்ஜாவிலிருக்கும் மீரா முகைதீன் அண்ணனுடையவை. இரண்டு பேரும் மேலப்பாளையத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

குழுவில் நாற்பத்தாறு பேர். நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பு முடிந்ததும் போன் லைனில் கடிதங்களை இறக்கி, நான் எழுதிய புரோகிராம் வழியே எல்லோருக்கும் அனுப்புவது என் பொறுப்பு. நேற்று நான்கு பேர் சண்டை தாங்காமல் விலகிவிட்டார்கள். இப்படியே போனால் யார் மிஞ்சுவார்கள்?

2.11.1998
வழி கண்டுபிடித்துவிட்டேன்! வசவுக்கு ஒரு பட்டியல் – மூதி, சவம், கூறுகெட்டவன், ஏலே. இவற்றில் ஒன்று இருந்தாலும் புரோகிராம் அந்தக் கடிதத்தைத் தனிப்பெட்டியில் போட்டுவிடும். எல்லோருக்கும் அறிவித்தாயிற்று. பெட்டியை நான் திறக்கவே போவதில்லை. பக்கச்சார்பு என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது.

9.11.1998
குழுவில் அமைதி. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

14.11.1998
என் வீட்டுக்காரருக்குத் தனி மின்னஞ்சல் முகவரி கிடையாது. நான்தான் பிரிண்ட் எடுத்து வருவேன். இன்று அண்ணன் எழுதியிருந்தது: “தாங்கள் கூறும் கருத்தை மறுக்கிறேன்.” வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தாங்களாம்லா! என்னைய அந்நியன் ஆக்கிட்டான் பாத்தியா.”

பதிலுக்கு இவரும் “மதிப்பிற்குரிய நண்பரே” என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

23.11.1998
அத்தைக்கு, இவருடைய அம்மாவுக்கு, கர்ப்பப்பை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. அத்தைக்கு ஆபரேஷன் என்று மட்டும் குழுவில் ஒரு வரி போட்டேன்.

28.11.1998
முப்பது பேர் விசாரித்துவிட்டார்கள்; அவரவருக்குத் தனியாகப் பதில் போட்டேன். சார்ஜாவிலிருந்து ஒரு எழுத்து இல்லை.

“எங்கம்மை கையால தின்னு வளந்தவன்” என்றார் இவர். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நீங்களாவது ஒரு போன் போடுங்களேன் என்றேன். “நான் ஏன் போடணும்?” இருபது வருஷச் சிநேகிதம் இப்படியா முடியும்?

2.12.1998
கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வேலை நின்றது. எதை அழிக்கலாம் என்று தேடும்போது தனிப்பெட்டி கண்ணில் பட்டது. திறந்தேன்.

இருபத்திரண்டு கடிதங்கள். ஒன்பது மீரா அண்ணனுடையவை.

“ஏலே பேச்சி, அம்மைக்கு என்னலே ஆச்சு?”

“மூதி, ஒரு வரி எழுதுனா கை தேஞ்சா போவும்? எனக்கு இங்கன சோறு எறங்கல.”

“ஏலே, கோவம்னா என்னைய ஏசு. அம்மை எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லுலே.”

பதறினவனுக்குப் பட்டியலா ஞாபகம் இருக்கும்? விஷமாக எழுதினவர்கள் எல்லாம் தாங்கள், தங்கள் என்று போட்டு ஜோராகத் தாண்டிப் போய்விட்டார்கள். பாசமாகக் கேட்டவரைப் பிடித்து அடைத்திருக்கிறேன். அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

ஒன்பதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். இவர் நின்றபடியே வாசித்தார். ஏசுவார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்.

3.12.1998
சார்ஜாவுக்குப் போன் போட்டு நானே சொன்னேன். “அத பொறவு பேசுவோம் தங்கச்சி, மொதல்ல அம்மைட்ட குடு” என்றார் அண்ணன். குழுவிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

12.12.1998
பட்டியலை அழித்தாயிற்று. இனி எந்தச் சொல்லுக்கும் தடை கிடையாது. ‘அரசியல்’ என்று தலைப்பிட்ட கடிதம் மட்டும் மறுநாள் காலை எழுதியவரிடமே திரும்பிப் போகும். “இன்னும் இதைச் சொல்லணுமா?” என்று கேட்கும். ஆமாம் என்றால் எல்லோருக்கும் போகும். விலகிய நால்வரில் மூன்று பேர் திரும்பிவிட்டார்கள்.

9.1.1999
வெங்காய விலை இறங்கிவிட்டது. சண்டை எங்கே இறங்கியது? முந்தாநாள் அண்ணன் இரண்டு பக்கத்துக்கு இவரை வறுத்திருந்தார். புரோகிராம் நேற்று அவரிடம் கேட்டது. இன்று பதில்:

“வேண்டாம் தங்கச்சி, அனுப்பாத. பெருநாளைக்கு லீவு கெடச்சிட்டு. நேர்ல வந்தே அவன ஏசிக்கிடுதேன்.”