பெரியப்பா சுத்தம் செய்த தண்ணீர்

அன்புள்ள வாலுவுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே நாற்றுகளைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்றால் உன் பெரியப்பா. நீ அழுதுகொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்டதைச் சாப்பாட்டு மேசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம், சத்தத்தைக் கூட்டி வைத்தவரே அவர்தான். நான் அனுப்புன பாக்டீரியாப் பொடியாலதான் உங்க நாத்தெல்லாம் அழுகிப்போச்சு பெரியப்பா, நான் இந்த ஆராய்ச்சியையே விட்டுடறேன், மேடத்துகிட்டயும் சொல்லிட்டேன் என்று நீ சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது பார், அதைக் காணச் சகிக்கவில்லை. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்ட, போகட்டும்மா என்றார். போகட்டுமாம். தானம் செய்கிறார்.

நடந்ததைக் கேள். போனை வைத்ததும் எழுந்து நாற்றுக் கூடத்துக்குப் போனேன். தக்காளி நாற்றெல்லாம் மண்ணை ஒட்டிய இடத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல மெலிந்து, குழித்தட்டுகளில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கை கழுவலாம் என்று தொட்டிக் குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரித் தரை துடைத்த வாசனை. திரும்பி வந்து, தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று உன் பெரியப்பாவைக் கேட்டேன். ஒளிக்கவெல்லாம் இல்லை, பெருமையாகவே சொன்னார். ஏம்மா, அவ அனுப்புனது நல்ல கிருமிதானே, தண்ணியில கெட்ட கிருமி இருந்தா ரெண்டுக்கும் சண்டை வராதா, அதான் ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமா போட்டுத் தண்ணிய முதல்ல சுத்தம் பண்ணிட்டு அப்புறமா உன் பொண்ணு பொடியக் கலக்குனேன் என்றார். குடிவரும் ஆளுக்கு வீட்டைக் கழுவி வைத்தவர்போல. குடிவந்தவர்களை வாசலிலேயே கொன்றுவிட்டோம் என்பது அந்த மூளைக்குள் நுழையவே இல்லை. தண்ணீர் வாரியத்தில் காலமெல்லாம் மேற்பார்வை பார்த்தவர், ஓய்வு பெற்றதும் நம் பண்ணையை மேற்பார்வை பார்க்க வந்துவிட்டார், அந்த ப்ளீச்சிங் பவுடர் டப்பாவையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

நீ போன தடவை வந்திருந்தபோது அவருக்கு எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். இந்தப் பாக்டீரியா வேரைச் சுற்றி முந்திக்கொண்டு இடம் பிடிக்கும், மண்ணில் இருக்கும் இரும்பை நாற்றழுகல் பூஞ்சைக்கு எட்டவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் நீளமாக ஓட உதவும், உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம் செய்யும் என்று. உயிரோடு என்பதை இரண்டு முறை சொன்னாய். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ம் கொட்டினார். எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். உன் அப்பா? அவரைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. தொட்டிக்குள் அந்த டப்பா கவிழ்ந்தபோது பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அண்ணன் மனசு கோணுமே என்கிறார். அண்ணன் மனசு கோணாமல் இருக்கப் பெற்ற மகள் வேலையை விட்டால் பரவாயில்லையா என்றேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தத் தட்டில் என்னதான் எழுதியிருக்கிறதோ, என்னை இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அதையே படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி மூலையில் இருக்கும் கத்தரித் தட்டுகளுக்குத் தொட்டிக் குழாய் எட்டாது, அதனால் மழைத் தண்ணீர் பீப்பாயில் உன் பொடியைக் கரைத்து நான்தான் ஊற்றினேன். அவை நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் வெள்ளையாக, அடர்த்தியாக, மண்ணை விடமாட்டேன் என்றது. உன் பெரியப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இங்க காத்து நல்லா வருதும்மா என்றார். தக்காளியும் கத்தரியும் ஒன்றல்ல, ஒரு மூலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நீயே என்னைத் திருத்துவாய், திருத்து. ஆனால் அதே நேர்மையை உனக்கும் காட்டு. பாக்டீரியா உயிரோடு போய்ச் சேராத தட்டுகளை வைத்துப் பாக்டீரியா தோற்றது என்று எப்படி முடிவு கட்டினாய்? எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே. முன்பின் தெரியாத விவசாயி இதைச் சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாய். பெரியவர் சொன்னார் என்றதும் படித்ததையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாய். அவர்கள்மேல் இருக்கும் கோபத்தில் கொஞ்சம் உன்மேலும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை உன் பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். பாசி பிடிச்சிருக்கும்மா என்றார். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தொட்டியில் பாசி! ஆக, அவருக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

நீ செய்ய வேண்டியது இது. கடிதம் கிடைத்த அன்றே உன் மேடத்தைப் பார்த்து, விலகுவதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள். இங்கே நடந்ததை வெட்கப்படாமல் அப்படியே சொல், உங்கள் பொடிப் பாக்கெட்டின் மேல் எந்தத் தண்ணீரில் கலக்கக்கூடாது என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கவாவது உதவும், நம் வீட்டைப் போன்ற வீடுகள் ஊருக்கு நாலு இருக்கும். புதுப் பொடியை என் பெயருக்கு அனுப்பு. தக்காளி விதையை மறுபடி போட்டிருக்கிறேன், ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்து நாற்காலியிலேயே தூங்காதே. உன்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள், ஆசீர்வதிக்க எனக்கு வயது போதுமா தெரியவில்லை, இருந்தாலும் நன்றாக இரு, உன் வேலை செழிக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வரும் ஞாயிறு உன் பெரியப்பா கூப்பிடுவார். அங்கே குளிரா, வெயிலா என்று சுற்றிச் சுற்றிப் பேசுவார், கடைசியில் தொட்டி கழுவியதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பார். அந்த இடத்தில் நீ "பரவாயில்லை பெரியப்பா" என்று சொல்லிவிடாதே. காத்திரு. அவர் சொல்லட்டும். ஸ்பீக்கரை நான் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தி