கஜீவன் வீட்டுக் குளிர் பற்றிய மெய்யறிக்கை

மல்வேர்ன், ரொறன்ரோ
23.01.1996

அன்புப் பெறாமகள் துர்க்காவுக்கு,

இரண்டு காற்சட்டை, மூன்று சுவெற்றர், ஒரு குரங்குத் தொப்பி சகிதம் உன் சித்தப்பா சௌக்கியமாக எழுதிக்கொள்வது. நீயும் வெள்ளவத்தை வெக்கையில் சௌக்கியமாக வேர்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் புருசன் கஜீவன் வடக்கே எடுத்திருக்கும் புதுவீட்டைப் பற்றிய உன் இரகசியக் கடிதம் கிடைத்தது. சித்தப்பா, நீங்களே போய்ப் பாத்து உண்மையை எழுதுங்கோ, மனுசர் இருக்கேலாத குளிரெண்டா நான் பிளேன் ஏறமாட்டன், அவரைத் தளபாடத் தொழிற்சாலை வேலையை விட்டிட்டு ரொறன்ரோவுக்கு வரச் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தாய். உத்தரவு மகாராணி! சனிக்கிழமையே படையெடுத்தேன். இங்கிருந்து வடக்கே மூன்று மணித்தியாலம். வீடுகள் முடிந்து வயல், வயல் முடிந்து வெள்ளை, வெள்ளை முடிந்தால் அதற்கப்பால் இன்னும் வெள்ளை! கவுண்டி என்று சொல்லும் அந்த மாவட்டத்தில் ஏரிப்பக்கமிருந்து காற்றுப் புறப்பட்டால் பத்து நிமிடத்தில் தபால்பெட்டிகள் காணாமல் போகின்றன. காரால் இறங்கி மீசையைத் தடவினேன், பாதி கையோடு வந்துவிட்டது.

புதுவீட்டில் ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று உன் சித்தி யோகராணி நேரம் பார்த்துத் தந்திருந்தாள். நானோ, இந்த நாடே ஒரு பெரிய பிறிஜ்தானே என்ற மேதைமையில், கொண்டுபோன பால் பைகளை வாசற்படியில் வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் பால் கருங்கல்! கத்தி வளைந்தது, சுத்தியல் தெறித்தது. ஒன்பது மணிக்கு உன் புருசனும் நானும் வாசலில் குந்தியிருந்து கோடாலியால் பால் கொத்திக்கொண்டிருந்தோம். கடைக்குப் போக வழியில்லை, தெருவைப் பனி மூடிவிட்டது. கஜீவன் அழாக்குறையாக, மாமா, நேரம் தப்பினா இதையே சாட்டாச் சொல்லித் துர்க்கா வரமாட்டா என்றான். அவனுக்கும் தெரிந்துதான் இருக்கிறது, பிள்ளை.

அந்த நேரம் பனி தள்ளும் உழவு இயந்திரத்தில் பக்கத்துப் பண்ணைக் கிழவன் வந்தான். இறங்கியவன், கோடாலியோடு எங்களைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் வைத்தான். கஜீவன் விஷயத்தை விளக்கினான். பால் பொங்கி வழிய வேணுமோ, என்ர மனுசி அதைத் தினமும் செய்யிறாள், அதுக்கு நான் ஏச்செல்லோ குடுக்கிறனான் என்று சிரித்துவிட்டுப் போனவன், கறந்த சூடு ஆறாத பாலோடு திரும்பினான். ஒன்பது இருபத்தெட்டுக்குப் பொங்கியது பார், கிழக்குப் பக்கமாக, நயாகராவே தோற்றது!

பிறகு வீட்டைச் சோதனையிட்டேன். குளிர்காற்று நுழையாமல் ஜன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டியிருக்கிறான். கட்டிலில் உன் பக்கத்து ஜன்னலுக்கு மூன்று படை, தன் பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. கேட்டால் ஒட்டுற ரேப் முடிஞ்சு போச்சாம். வேலையைப் பற்றியும் மெல்லக் கேட்டேன். அவ சொன்னா விடுறன் மாமா, ஆனா வந்து பாத்திட்டுச் சொல்லட்டும் என்றான்.

ஆகவே தீர்ப்பு: குளிர் கொலைகாரன், மாப்பிள்ளை நிரபராதி. மார்ச் மூன்றாம் திகதி டிக்கெற்றை மாற்றாமல் ஏறு. எயாப்போட்டில் யானைக்கும் அளவான கோட்டோடு நிற்பேன். முருகன் துணையிருப்பான், நீங்கள் இருவரும் நூறு மாரி கண்டு வாழ வேண்டும்.

மறவாதே, அகலமான ரேப் இரண்டு சுருள் உன் கையாலேயே வாங்கி வா.

இப்படிக்கு,
வடதிசைக் குளிர் விசாரணை ஆணையாளர்,
உன் சித்தப்பா சிவபாதம்