அடிச்சுவடு இல்லாமல் வரும் கம்பளம்

மழை மறவாத மலையும் மலை மறவாத ஆறும் உடைய கார்வயல் நாட்டை, நாரைக்கொடி நிழலில் ஆளும் பெருந்தகை சேந்தங்கோ மன்னரின் ஆணைப்படி, அவருடைய பேரமைச்சன் அம்பர் பெருமருதன் எழுதும் ஓலை.

கடல் உப்பும் தாழை மணமும் ஒரே காற்றில் வரும் செந்தாழை நாட்டின் தலைவி, மன்னர் இல்லாக் காலத்தும் முடி தாழாது காத்த பேரரசி, எம் இளவரசி காயாநங்கையாரைப் பெற்ற தாய், அன்னை மாதேவியார் திருமுன் இது படிக்கப்படுக. உங்கள் நெல் பழுதின்றி விளைக. உங்கள் கலங்கள் கரை சேர்க. நலமா என்று கேட்கும் வழக்கத்தை இவ்வோலை மேற்கொள்ளவில்லை. மகளைப் பறிகொடுத்தவரிடம் அதைக் கேட்பது முறையன்று.

காய்ச்சலில் இளவரசியார் மறைந்தபின், அவர் கொண்டுவந்த பொன்னும் யானையும் எங்களிடமே இருக்கட்டும் என்றும், அவர் அடி பதிந்த கம்பளம் ஒன்றை மட்டும் அச்சுவடு அழியாமல் அனுப்ப வேண்டும் என்றும் நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். அந்தக் கம்பளம் வருகிறது. சுவடு வரவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் வரிக்கு வரி நம்பிக்கை வைத்துப் படிப்பீர்கள் என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுமாறு அவர் கணவர் இளவரசர் பெருஞ்சேந்தன் பணித்தார். நடந்ததை நடந்தபடியும், பேசியதைப் பேசியபடியும் எழுதச் சொன்னவரும் அவரே.

இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம் நீங்கள் அறிந்ததே. மணமகள் பிறந்த வீட்டைவிட்டுப் புறப்படுகையில் மஞ்சள் குழம்பில் கால் நனைத்து வெண்கம்பளத்தின்மேல் நடக்கிறாள். அந்தக் கம்பளம் அவளோடு போகிறது. அவள் வாழும் நாள்வரை அதில் நீர் படுவதில்லை. அவள் மறைந்தால், புகுந்த வீடு அதைக் கழுவித் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கழுவாத கம்பளம் எல்லை தாண்டக் கூடாது. எனவே கழுவவும் வேண்டும், மஞ்சளைக் காக்கவும் வேண்டும் என்ற இக்கட்டு எங்கள்மேல் விழுந்தது.

அந்தக் கம்பளத்தோடு இளவரசர் வாழ்ந்த வாழ்வு சிறியது. அதன்மேல் இளவரசியாரைத் தவிர எவரும் கால் வைத்ததில்லை. ஒருமுறை வேட்டையிலிருந்து வந்த இளவரசர் மறதியாக அதன் ஓரத்தை மிதித்துவிட, இளவரசியார் அவரை அங்கேயே உட்காரவைத்து, "உங்க ஊர்ச் சேறு எங்க அம்மா வீட்டு மேல ஏறணுமோ? தொடைங்க, நீங்களே தொடைங்க" என்றாராம். துடைத்து முடிக்கும்வரை அவருக்குச் சோறு கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது இளவரசர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காய்ச்சல் நாட்களில் இளவரசியாரின் கட்டிலுக்குக் கீழே அந்தக் கம்பளமே கிடந்தது. தைலமும் கசாயமும் அதில் சிந்தின. கொக்காற்றங்கரையில் அரண்மனைக் கம்பளங்களை வெளுக்கும் மூங்கையனும் அவன் மனைவி அலவியும் அழைக்கப்பட்டார்கள். பூந்திக்கொட்டை நுரைக்குத் தைலம் அசையாது, சாம்பல் காரநீர் விட்டாக வேண்டும் என்றான் மூங்கையன். காரத்தால் அழுக்கு கழன்றுவிடும். ஆனால் அந்தக் காரம் கம்பளியிலேயே தங்கினால் கம்பளி முரடாகும், புதிய அழுக்கைப் பிடித்திழுக்கும். ஆகவே கடைசியாக ஒரு புளிப்பு நீரால் அலசிக் காரத்தை அடக்க வேண்டும். எந்தப் புளிப்பு என்பதே கேள்வி. எங்கள் பிழையும் அதைச் சுற்றியே விளைந்தது.

கம்பளத்தின் குஞ்சத்திலிருந்தும் கரையிலிருந்தும் இழைகளைப் பிரித்து அவர்கள் சோதித்ததை இளவரசர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். புளிக்கரைசல் வெள்ளைக் கம்பளியைப் பழுப்பாக்கியது. மோர் நிறத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் உலர்ந்தபின் வாடை நின்றது.

"இத அனுப்புனா அந்தம்மா மகள நெனச்சு அழுவாங்களா, மூக்கப் பொத்திக்குவாங்களா?" என்று அலவி கணவனைக் கேட்டாள்.

"ராசா முன்னால பேசுற பேச்சா இது?"

"ராசாவுக்கும் மூக்கு இருக்குல்ல?"

எலுமிச்சைச் சாற்றை அப்படியே விட்டபோது அரக்குச் சாயமிட்ட சிவப்புக் கரையின் இழை வெளிறியது. கடைசியில், நிறைய ஆற்றுநீரில் நாரத்தைச் சாறு கொஞ்சமாகக் கலந்து, அலவி நாக்கில் விட்டுப் பார்த்து, புளிக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் பதத்தில் நிறுத்தினாள். அந்த நீரில் இழை மென்மையாயிற்று, கரையிழையின் சிவப்பு மங்கவில்லை, இழையில் ஒட்டியிருந்த மஞ்சளும் மஞ்சளாகவே நின்றது. அதுவே சரி என்று மூவரும் முடிவு செய்தார்கள். அதுவரை ஒரு தவறும் நேரவில்லை என்பதை அன்னையார் அறிய வேண்டும். சரியான நீர் குடத்தில் தயாராக இருந்தது.

மறுநாள் காலையில் கம்பளத்தில் காரநீர் விட்டார்கள். மஞ்சளில் காரம் பட்டதும் சுவடுகள் எல்லாம் சிவந்தன. குதிகாலும் விரல்களும், செம்பஞ்சு பூசிய கால்கள் அப்போதுதான் நடந்து போனதுபோல் ஈரமாக, ஒவ்வொன்றாக எழுந்தன. நெடுநாள் மங்கிக் கிடந்த சுவடு எவருக்கும் தெரியும்படி நின்றது.

"பயப்படாதீங்க ராசா, ரத்தம் இல்ல. மஞ்சளும் காரமும் சேந்தா இப்படித்தான். நாரத்தத் தண்ணி விட்டதும் பழையபடி மஞ்சளாயிடும்" என்றான் மூங்கையன்.

இளவரசர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடாதே" என்றார். "இப்படியே இருக்கட்டும்."

"காரம் நிக்கக் கூடாது, சாமி."

"இப்பத்தான் நடந்துட்டுப் போயிருக்கா, பாரு. அதை மறுபடி மங்க வைக்கச் சொல்றியா?"

"கம்பளி மொரடாயிடும் ராசா" என்றாள் அலவி.

"ஆகட்டும். நான் அதுல படுக்கவா போறேன்?"

மூங்கையன் மனைவியைப் பார்த்தான். பிறகு, "ரெண்டு மூணு நாள் தாங்கும். ராசா மனசாறப் பாத்துக்கட்டும், அப்புறம் அலசிக்கலாம்" என்றான். இரக்கத்தால் சொன்ன வார்த்தை அது. அவன் தொழிலில் மஞ்சள் என்பது போக்க வேண்டிய கறை. அதைக் காத்துத் தரும்படி இதற்குமுன் அவனிடமோ அவன் தகப்பனிடமோ எவரும் கேட்டதில்லை. கம்பளி என்ன ஆகும் என்று அஞ்சினார்களே தவிர, காரத்திலேயே கிடந்தால் மஞ்சள் என்ன ஆகும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெறும் ஆற்றுநீர் ஊற்றி, நிழலில் உலர்த்தி, கம்பளத்தை இளவரசரின் அறையில் விரித்தார்கள்.

அவர் அதன் அருகிலேயே இருந்தார். உணவை அங்கேயே வரவழைத்தார், உண்ணாமல் திருப்பியனுப்பினார். முதல் நாள் சிவப்பு ஆழமாக இருந்தது. அடுத்த நாள் செங்கல் நிறம். பிறகு காய்ந்த இலையின் நிறம். தம் கண்தான் மங்குகிறது என்று எண்ணி மருத்துவரை அழைத்தார். மருத்துவர் கண்ணில் குறையில்லை என்றபோதுதான் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு தாமே ஆற்றங்கரைக்கு ஓடினார்.

நாரத்தை நீரை விட்டார்கள். கம்பளி மென்மையாயிற்று, கரை பளிச்சிட்டது, வெண்மை திரும்பியது. மஞ்சள் திரும்பவில்லை. இன்னும் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். புளிப்பைக் கூட்டச் சொன்னார். மூங்கையன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதான். அலவி அழவில்லை.

"மஞ்ச இருந்தாத்தான் ராசா புளிப்பு அத மாத்தும். காரம் அதத் தின்னுடுச்சு, அங்க ஒண்ணுமில்ல. நீங்க தண்ணிக்கு மேல தண்ணி ஊத்தச் சொல்றீங்க" என்றாள்.

அவளைத் தண்டிக்க வேண்டும் என்று சிலர் அவையில் சொன்னார்கள். அன்று அங்கே உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான் என்றார் இளவரசர். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. மூங்கையனுக்கும் அலவிக்கும் எக்குறையும் நேராது என்பது மன்னரின் வாக்கு. நீங்களும் அவர்கள்மேல் சினம் கொள்ள வேண்டாம் என வேண்டுகிறோம்.

அந்தப்புரத்துத் தலைவி கோங்கி ஒரு வழி சொன்னாள். இளவரசியாரின் கால் அளவுள்ள தோழி ஒருத்தி இருக்கிறாள், புதிதாக மஞ்சள் குழைத்து நடக்கவிட்டு அனுப்பலாம், அன்னையார் ஆறுதல் அடைவார் என்றாள். தீய எண்ணத்தால் சொன்னதன்று. இளவரசர், "என் தேவிக்கு எடது கால் சுண்டுவிரல் தரையில படாது. அவங்க அம்மா மொதல்ல அதத்தான் பாப்பாங்க" என்றார். பிறகு, "அந்த விரல் படாம நடக்கச் சொல்லிக்கொடுத்தாலும், எனக்குத் தெரியும்ல?" என்றார்.

இப்போது சொல்ல வேண்டியது ஒன்றே. கம்பளத்தை யானைமேல் ஏற்றித் தூதரோடு அனுப்புவதே முறை. இளவரசர் அதை ஏற்கவில்லை. சுருட்டித் தம் தோளில் வைத்துக்கொண்டு, காலணியும் காவலும் இன்றி, தென்வாயில் வழியே நடந்து போய்விட்டார். மன்னர் மாடத்திலிருந்து பார்த்தார், தடுக்கவில்லை. உங்கள் முன் நின்று என்ன சொல்வார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அவருக்கு முன்னால் இவ்வோலை சேர வேண்டும் என்றே குதிரை பறக்கிறது.

ஆகையால் கார்வயல் எல்லைக் காவலர் அனைவருக்கும் மன்னர் இட்ட ஆணையை அன்னையாரும் அறிக: தோளில் கம்பளத்தோடு வருபவரை எவரும் நிறுத்த வேண்டாம். எவரும் இளவரசே என்று அழைக்க வேண்டாம். எவரும் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் கேட்டால் மட்டும் கொடுக்கவும்.

பேரரசியாருக்கு ஆணையிடும் தகுதி எம் மன்னருக்கு இல்லை. ஒரு மகனின் தகப்பனாக அவர் வேண்டுவது இது: வாயிலில் வந்து நிற்பவனை நீங்கள் வரவேற்க வேண்டியதில்லை, மன்னிக்க வேண்டியதில்லை, முகம் பார்க்கவும் வேண்டியதில்லை. அவனைத் திருப்பியனுப்புவதாயினும், கம்பளத்தை இறக்கிவைத்தபின் அனுப்புங்கள். அவன் சுமை தூக்கிப் பழகாதவன்.

மன்னர் முன்னிலையில் படிக்கப்பட்டு, ஒரு சொல்லும் மாற்றப்படாமல், நாரை முத்திரை அரக்கில் பதிந்தது. கொண்டுசெல்பவன் வழியில் எங்கும் இறங்காது செல்க. படித்தபின் இவ்வோலையை வைத்திருப்பதும் எரிப்பதும் அன்னையார் திருவுள்ளம்.